இரண்டு மணிக்குள் கிளம்பச் சொன்ன செய்தி

அத்தியாயம் பதினொன்று

கிதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தீவுக்குக் கப்பலேறிவிட்டார் என்று சென்ற வாரம் எழுதியதற்கு, எனக்கு வந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "அறுபத்துமூணு வயசு மனுஷனை இப்படியா தனியா அனுப்பறது?" என்று ஒரு வாசகி மூன்று பக்கம் எழுதியிருந்தார். அம்மா, அவரை நான் அனுப்பவில்லை. அவருக்குக் கோபமும் இருந்தது, தீவில் நண்டு சீசனும் தொடங்கியிருந்தது. இரண்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோபம் மகள் மேல். ஹேயினுக்கு இருபத்தொன்பது வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள், அதை உதறிவிட்டு ஹான்பித் மன்றத்தின் ஒரு வருட வகுப்பில் சேர்ந்தாள். நாட்டின் பாதுகாப்பில் நாளைக்குப் பொறுப்பேற்கக்கூடிய இளைஞர்களைத் தேடிப் பிடித்து, ஆளுக்கொரு வழிகாட்டியைக் கொடுத்துத் தயார் செய்கிற இடம் அது. கடற்படை, வெளியுறவுத் துறை, கம்ப்யூட்டர் கம்பெனி என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள், மொத்தம் பன்னிரண்டு பேர்.

கப்பல் எஞ்சின் அறையில் முப்பது வருடம் எண்ணெய்க் கையோடு உழைத்த கிதேவுக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை. "மேசை மேல பொம்மைக் கப்பல் நகர்த்தறதுக்கு ஒரு வருஷமா?" என்று கேட்டுவிட்டு, அதன்பின் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அவர் மனைவி சொனோக்குக்கு அப்படியெல்லாம் கோபம் கிடையாது. மாபோ பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டித் தருகிற கிம்பாப் கடை வைத்திருப்பவளுக்குக் கோபப்பட ஏது நேரம். அன்றைக்குக் காலையிலும் மகள் எதிரே ஒரு தட்டை வைத்து, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயைப் பக்கத்தில் தள்ளினாள்.

"இன்னிக்குத்தானே அந்தப் பரிந்துரைக் கடிதம்?"

"ஆமாம்மா. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஹொங் மேடம் அனுப்பணும். அரசாங்க நெருக்கடி அலுவலகத்துல இருக்கறது ஒரே இடம். பன்னிரண்டு வழிகாட்டிகளும் எழுதுவாங்க, ஒருத்தரைத்தான் எடுப்பாங்க."

"அவங்க எழுதினா கிடைச்சிடும்."

"அவங்க எழுதுவாங்களான்னே தெரியல. நேத்து என் அறிக்கையைப் படிச்சிட்டு, ஏழு தடவை பெருமூச்சு விட்டாங்க."

"எண்ணினியாக்கும்?"

"எதிர்லயே உட்கார்ந்திருந்தா எண்ணாம என்ன பண்றது?"

ஹேயினின் வழிகாட்டி ஹொங் யொன்சுக் எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்குத் தெரியும். அமைச்சகத்தில் பெரிய நாற்காலியில் இருந்துவிட்டு ஐம்பத்திரண்டு வயதில் தானாக எழுந்து வந்தவர். அவர் மேசையில் மூன்று சட்டங்கள். வயதில் சின்னவர்தான் முதலில் பேச வேண்டும். கெட்ட செய்தியைத் தெரிந்த பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். மக்களுக்குப் போகிற எந்த வாசகமும், "உங்க அம்மாவுக்குப் புரியுமா?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இந்த மூன்றாவது சட்டம்தான் அன்று ஹேயினைக் கவிழ்த்தது. அதுவும் அதை ரொம்ப ஒழுங்காகக் கடைப்பிடித்ததால்.

அன்று மன்றத்தில் பெரிய ஒத்திகை. மேற்குக் கடலில் ஆபத்து வந்தால் யார் என்ன முடிவெடுப்பது என்று பன்னிரண்டு பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நடத்திப் பார்ப்பது. தலைமை நாற்காலி ஹேயினுக்கு. ஒத்திகைக் காகிதம் ஒவ்வொன்றிலும் முதல் வரியாகவும் கடைசி வரியாகவும் சிவப்பில் "ஒத்திகை" என்று அச்சடித்திருக்கும். நடுவில் உண்மையாகவே ஏதாவது நடந்துவிட்டால், சொல்கிறவர் "நிஜம்" என்று ஆரம்பித்து "நிஜம்" என்று முடிக்க வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டால் மேசை அப்படியே நின்றுவிட வேண்டும். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏதாவதொரு விதத்தில் இதைச் செய்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை.

தீவு மக்களுக்கான அறிவிப்பை எழுதுவது ஹேயின் பொறுப்பு. காலையில் அவள் எழுதியதை ஹொங் மேடம் சத்தமாகப் படித்தார். "'உரிய அதிகார அமைப்புகளின் ஒருங்கிணைப்பின் பேரில் பாதுகாப்பு நகர்வு மேற்கொள்ளப்படுவதை முன்னிட்டு.' ஹேயின், உங்க அம்மா இதைப் படிச்சா என்ன பண்ணுவாங்க?"

"தூக்கி வெச்சிட்டு அரிசி கழுவப் போயிடுவாங்க."

"அப்புறம்?"

"ஒரு மணிக்குள்ள மாத்திடறேன் மேடம்."

பன்னிரண்டு ஐம்பதுக்கு, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து தன் போனிலேயே புதிதாக எழுதினாள். அரசாங்க வாடையே இல்லை. தனக்கே பிடித்துப்போனது. உள்ளே போய்ச் சிவப்பெழுத்துக் காகிதத்தில் இதைப் பார்த்து எழுதினால் வேலை முடிந்தது. அதற்கு முன் அம்மாவுக்கு நிஜமாகவே புரிகிறதா என்று பார்த்துவிட்டால் என்ன?

"மூணு கரண்டி" என்பது அவர்கள் குடும்ப அரட்டைக் குழுவின் பெயர். அப்பா, அம்மா, மகள், அவ்வளவுதான். அதில் ஒட்டி அனுப்பினாள்.

"மேற்குக் கடல் தீவுகளில் இருப்பவர்களுக்கு. இன்று இரண்டு மணிக்குள் பக்கத்துப் பதுங்கிடத்துக்குப் போய்விடுங்கள். மருந்து, தண்ணீர், கனமான உடை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணையுங்கள். படகில் ஏறாதீர்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்."

கீழே, "அம்மா, புரியுதா? ஒரு மணிக்கு உள்ளே போறேன்" என்று தட்டினாள். மணி அடித்தது. ஒத்திகை அறைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. போனை அணைத்து, வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

சிவப்பு எழுத்து காகிதத்தில் இருந்தது. போனில் இல்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

சொனோக் கடையில் அது மதியக் கூட்ட நேரம். அன்று ஒத்திகை என்று மகள் முன்பே சொல்லியிருந்ததால் பதறாமல், ஒரு கையால் போனைப் பார்த்து, "புரியுது. கனமான உடைன்னா எது?" என்று பதில் போட்டுவிட்டு, சோறு வேகும் குக்கர் மேல் போனை வைத்தவள் அதை மறந்தும் போனாள்.

மேற்குக் கடலில் இருக்கும் மொரே தீவின் துறையில் கிதேயும் அவருடைய அண்ணன் கிஹ்வானும் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று பத்துக்குக் கிதே கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். படித்தார். மறுபடி படித்தார். மகளுக்குப் போட்டார். அணைக்கப்பட்டிருந்தது. சொனோக்குக்குப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னடா?" என்றார் கிஹ்வான்.

"அண்ணே, வலையை விடுங்க. அண்ணியைக் கூட்டிட்டுப் பதுங்கிடத்துக்குப் போகணும்."

"யாரு சொன்னா?"

"ஹேயின்."

"அந்தப் பொம்மைக் கப்பல் ஆபீஸா?" அண்ணனுக்கும் இந்தக் கேலி பழக்கம்தான். தம்பியிடம் கற்றதுதான்.

கிதே சிரிக்கவில்லை. "அவ போன் அணைஞ்சிருக்கு. அணைஞ்சிருந்தா உள்ள இருக்கான்னு அர்த்தம். உள்ள போறதுக்கு முன்னாடி நமக்குச் சொல்லிட்டுப் போயிருக்கா."

ஊர்த் தலைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டார். "எங்களுக்கு எதுவும் வரலையே, கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். தலைவர் கிதேயைப் பார்த்தார்.

"கேட்டுச் சொல்றதுக்குள்ள இரண்டு மணி ஆயிடும்" என்றார் கிதே.

"பொய்யா இருந்தா?"

"என்னைத் திட்டுங்க. என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா."

தலைவர் ஒலிபெருக்கியைப் போட்டார். அந்தக் குடியிருப்பில் நாற்பத்தொரு பேர். இரண்டு பதுங்கிடங்கள். ஒன்றின் சாவியை வைத்திருப்பவர் பல் பிடுங்கக் கரைக்கு, இன்சோன் நகரத்துக்குப் போயிருந்தார். அதனால் எல்லோரும் ஒன்றிலேயே நெருக்கியடித்துக்கொண்டார்கள். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரு பெண்மணி வாசலில் உட்கார்ந்துவிட்டார், நாயும் உள்ளே வந்தது. படியில் கிஹ்வானின் மனைவிக்குக் கணுக்கால் பிசகியது. ஒன்று ஐம்பதுக்குக் கதவை மூடினார்கள். எஞ்சின் அறைப் பழக்கம், கிதே கைக்கடிகாரத்தில் எல்லாவற்றுக்கும் நேரம் பார்த்துக்கொண்டார்.

இரண்டு இருபதுக்கு மன்றத்தில் தேநீர் இடைவேளை. ஒத்திகை நன்றாகப் போயிருந்தது. ஹேயினின் அறிவிப்பைப் படித்துவிட்டு ஹொங் மேடம் ஒரு பெருமூச்சும் விடவில்லை. கடலோரக் காவலிலிருந்து வந்த குவாக் தொங்ஹா, "இன்னிக்கு நாற்காலி உனக்குப் பொருந்திடுச்சு" என்றான். அவன் வாயிலிருந்து இது வருவது லேசு இல்லை. முதல் நாளிலிருந்து அவளை "இன்ஷூரன்ஸ் அம்மா" என்றே கூப்பிடுகிறவன்.

அந்தச் சந்தோஷத்தோடு இரும்புப் பெட்டியைத் திறந்து போனை எடுத்து ஆன் செய்தாள்.

அப்பாவிடமிருந்து பத்தொன்பது தவறிய அழைப்புகள். பிறகு ஒரு போட்டோ. மங்கலான வெளிச்சத்தில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்த முகங்கள், ஒரு மூலையில் பெரியம்மா காலை நீட்டியபடி. அதன்கீழே கிதே எழுதியிருந்தார்: "41 பேரும் உள்ளே வந்தாச்சு. எல்லாரும் பத்திரம். நீ?"

அந்த "நீ?" என்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. மேலே போய்த் தான் அனுப்பியதை மறுபடி படித்தாள், "ஒத்திகை" என்ற சொல் எங்குமே இல்லை.

தொங்ஹா தேநீர்க் கோப்பையோடு நின்றான். "என்ன ஆச்சு?"

ஒரு நிமிடம், அந்தப் பொல்லாத ஒரு நிமிடம், அவள் மனசு எங்கெல்லாம் போயிற்று என்று நான் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு மட்டும் ரகசியமாகப் போன் போட்டு, தப்பாகிவிட்டது, யாரிடமும் என் பெயரைச் சொல்லாதீர்கள் என்று கேட்கலாம். ஆறு மணிக்குக் கடிதம் போய்விடும். அதற்கப்புறம் என்னவோ ஆகட்டும். அப்பா மறுக்க மாட்டார். பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அறைக்குள் திரும்பிப் போனாள். தலைமை நாற்காலியில் உட்காரவில்லை, அதன் பின்னால் நின்றாள்.

"நிஜம்" என்றாள்.

பேச்சு அப்படியே நின்றது. யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"மொரே தீவுல நாற்பத்தொரு பேர் பதுங்கிடத்துக்குள்ள இருக்காங்க. நான் எழுதின ஒத்திகை அறிவிப்பைக் குடும்பக் குழுவுல அனுப்பிட்டேன். ஒத்திகைன்னு போடல. எங்கப்பா அங்க இருக்கார், நிஜம்னு நம்பி எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டார். ஒருத்தருக்குக் கால்ல அடி. தப்பு முழுக்க என்னுது. நிஜம்."

ஹொங் மேடம் மணியைப் பார்த்தார்.

"எப்போ தெரிஞ்சுது?"

"மூணு நிமிஷம் ஆச்சு மேடம்."

"அப்போ இன்னும் ஏழு இருக்கு. முதல்ல யாரைக் கூப்பிடணும்?"

"நீங்க..."

"நாற்காலி உன்னுது. யாரைக் கூப்பிடணும்னு நீ சொல்லு."

"அப்பாவை. உள்ள இருக்கறவங்க முதல்ல வெளிய வரணும். அடுத்து வட்ட அலுவலகம். மூணாவது, இன்னிக்குப் பொறுப்புல இருக்கற நம்ம பணி அதிகாரி."

"உட்காரு. இங்கயிருந்தே பேசு. போன் உள்ள வர இன்னிக்கு நான் அனுமதி கொடுக்கறேன்." மேடம் தன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். போனை மட்டும் அவர் வாங்கவில்லை. தொங்ஹா ஒரு துண்டுக் காகிதத்தை நகர்த்தி வைத்தான். வட்ட அலுவலகத்தின் நேரடி எண். அந்தக் கடலில் இரண்டு வருடம் ரோந்து போனவனுக்கு அது மனப்பாடம்.

"அப்பா."

"ஹேயின். நீ எங்க இருக்க? நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேம்ப்பா. அப்பா, அது ஒத்திகை. நான் எழுதிப் பார்த்தது. அம்மாவுக்குப் புரியுதான்னு பார்க்க அனுப்பினேன். ஆபத்து எதுவும் இல்ல. எல்லாரும் வெளிய வரலாம். தப்பு என்னுதுப்பா."

எதிர்ப்பக்கம் நாய் ஒன்று குரைத்தது. நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆபத்து இல்லன்னா சரி" என்றார் கிதே. பிறகு குரலை உயர்த்தி, "ஒண்ணும் இல்லையாம், ஒத்திகையாம். எல்லாரும் வீட்டுக்குப் போலாம்" என்பது கேட்டது. ஒரு பெண் குரல் நன்றாகவே திட்டியது. இன்னொரு குரல் சிரித்தது. கிஹ்வானின் குரல், "என் நண்டெல்லாம் வெயில்ல கிடக்குடா" என்றது.

"தலைவர்கிட்ட போனைக் கொடுங்கப்பா. நானே மன்னிப்புக் கேட்கறேன். பெரியம்மாகிட்டயும்."

கேட்டாள். தலைவர் ஒரு நிமிடம் விடாமல் திட்டினார். பெரியம்மா திட்டவில்லை. "கால் வீங்கியிருக்கு, ஆனா உங்கப்பன் என்னை முதுகுல தூக்கிட்டு வந்தான் பாரு. முப்பது வருஷமா என்கிட்ட நேரா நின்னு பேசாதவன். அதுக்கே உனக்கு ஒரு கூடை நண்டு தரணும்" என்றாள்.

ஹேயினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுபடி போன் கிதேயிடம் போனது.

"ஏம்மா, எழுதிக்கோ" என்றார். "உங்க ஆபீஸுக்கு உதவும். மொத்தம் நாற்பது நிமிஷம் ஆச்சு. இரண்டாவது பதுங்கிடத்துக்குச் சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு, அவர் ஊர்ல இல்ல. படியில கைப்பிடி இல்ல. உள்ள தண்ணி இருக்கு, ஆனா தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது. 'பக்கத்து வீட்டுல தனியா இருக்கறவரைக் கூட்டிட்டுப் போங்க'ன்னு எழுதியிருந்தியே, அது நல்லா இருந்துது. அதனாலதான் மேட்டு வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தோம். அவருக்குக் காது கேக்காது. ஒலிபெருக்கி அவருக்குக் கேட்டிருக்காது."

அவள் எழுதிக்கொண்டாள். மேசையில் இருந்த மற்றவர்களும், யாரும் சொல்லாமலே, எழுதிக்கொண்டார்கள். அவர்களுடைய ஒத்திகைக் காகிதத்தில், எந்தத் தீவிலும் மக்கள் பதுங்கிடம் போய்ச் சேரப் பத்து நிமிடம் போதும் என்று போட்டிருந்தது.

வட்ட அலுவலகத்தில் பேசினாள். பணி அதிகாரியிடம் பேசினாள். எல்லாம் முடிந்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

நாலு மணிக்கு மன்றத்தின் வாசலில் சொனோக் வந்து நின்றாள். கூட்டம் கலைந்து குக்கர் மேலிருந்த போனை எடுத்துப் பார்த்தவள், கடையைப் பூட்டிவிட்டு, கையில் இருந்த கிம்பாப் அத்தனையும் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். காவலாளி அவள் போனையும் வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

ஹொங் மேடத்தைப் பார்த்ததும் இடுப்பு வளையக் குனிந்தாள். நிமிரவே இல்லை.

"மேடம், தப்புல பாதி என்னுது. நான் ஒரு வார்த்தை 'இது ஒத்திகைதானே'ன்னு போட்டிருந்தா அவருக்குப் புரிஞ்சிருக்கும். நான் 'புரியுது'ன்னு போட்டுட்டேன். பிள்ளையை அனுப்பிடாதீங்க."

மேடம் பதறிப்போய்த் தானும் குனிந்தார். கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் நிமிர்த்தப் பார்த்தார்கள்.

"நிமிருங்க, தயவுசெஞ்சு. ஒரு வருஷமா தினமும் உங்களைத்தான் சொல்லிட்டு இருக்கேன். 'அம்மாவுக்குப் புரியுமா, அம்மாவுக்குப் புரியுமா'ன்னு. ஒரு பிள்ளை நிஜமாவே அம்மாகிட்ட கேட்டுடுவான்னு எனக்குத் தோணல. அதை நான்தான் யோசிச்சிருக்கணும்."

"புரிஞ்சுது மேடம். ஆனா ஒண்ணு." சொனோக் தயங்கினாள். "கனமான உடைன்னா எதுன்னு புரியல. குளிருக்கா, குண்டுக்கா?"

ஹொங் மேடம் ஹேயினைப் பார்த்தார். ஹேயின் காகிதத்தை எடுத்து, "கனமான உடை" என்பதை அடித்துவிட்டு, "குளிர் கோட்டு" என்று எழுதினாள்.

மூன்று பேரும் நின்றபடியே கிம்பாப் தின்றார்கள். அந்தக் கடைக் கிம்பாப்பை நானும் தின்றிருக்கிறேன். எந்தத் துக்கத்திலும் இறங்கும்.

சொனோக் போன பிறகு மேடம் தன் அறைக்கு ஹேயினைக் கூப்பிட்டார். மணி ஐந்தரை.

"விதிப்படி உன் பேர்ல எழுத்துல ஒரு எச்சரிக்கை வரும். அதுல நான் கை வைக்க மாட்டேன்."

"வரணும் மேடம்."

"நாளைக்குக் காலைக் கப்பல்ல நீ தீவுக்குப் போற. நாற்பத்தொரு வீட்டுப் படியும் ஏறி மன்னிப்புக் கேட்கற."

"இருபத்தாறு வீடுதான் மேடம். நாற்பத்தொரு பேர்."

"சரி, இருபத்தாறு. நானும் வரேன். ஆனா கதவை நீதான் தட்டணும்." கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இது காலையில எழுதி வெச்ச கடிதம். உன்னைப் பத்தி நல்லதா நாலு பக்கம். இதை அழிச்சிட்டேன்."

ஹேயின் தலையை ஆட்டினாள். எதிர்பார்த்ததுதான். "ஒரு வருஷம் எனக்காக உட்கார்ந்தீங்க மேடம். அதுவே எனக்குப் பெரிசு. நன்றி."

"முழுசா கேளு. அழிச்சிட்டு வேற எழுதினேன். ஒரே பக்கம். படி."

முதல் வரி: "இவர் இன்று ஒரு பெரிய தவறு செய்தார்." இரண்டாவது வரி: "தெரிந்த மூன்றாவது நிமிடத்தில், தன்னோடு போட்டியிடும் பதினொரு பேர் முன்னால் நின்று, அதை முழுவதும் சொன்னார்." அதற்குக் கீழே நாற்பது நிமிடமும், சாவியும், கைப்பிடி இல்லாத படியும், காது கேட்காத மேட்டு வீட்டுக்காரரும் இருந்தார்கள்.

"மேடம், இதைப் படிச்சா யாரும் என்னை எடுக்க மாட்டாங்க."

"எடுக்காம போகலாம். எடுத்தா, தெரிஞ்சே எடுப்பாங்க. நான் சின்னவளா இருந்தப்போ என் தப்பை மூடி மறைச்சு ஒருத்தர் என்னை மேல ஏத்தி விட்டார். நல்ல மனசுதான். ஆனா எனக்கு அன்னியிலயிருந்து அது எப்போ வெளிய வந்துடுமோன்னு இருபது வருஷம் பயம். உனக்கு அது வேண்டாம்."

ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினார். ஹேயின் ரொம்ப ஆழமாகக் குனிந்தாள். நிமிரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்காதவர்போல இருக்க முடிந்தது.

அவள் வெளியே போகக் கதவைத் திறந்தபோது, மேடத்தின் மேசைப் போன் அடித்தது. எண்ணைப் பார்த்த மேடம் ஹேயினைப் பார்த்தார். "நீ கிளம்பு. கதவைச் சாத்திட்டுப் போ" என்றார். அந்த முகத்தில் இருந்தது என்னவென்று ஹேயினுக்குப் பிடிபடவில்லை. கூப்பிட்டது யார் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். பின்னணியில் அலைச் சத்தம். நண்டுகளில் பாதியைக் காப்பாற்றிவிட்டார்களாம், பெரியம்மா காலுக்குக் கட்டுப் போட்டாயிற்றாம்.

"ஊரு முன்னாடி உங்களைத் தலைகுனிய வெச்சிட்டேம்ப்பா. நாளைக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்றேன், நீங்க பண்ணினது சரிதான், தப்பு நான் பண்ணினேன்னு."

"நான் எதுக்குத் தலைகுனியணும்?" என்றார் கிதே. "நீ கிளம்புன்னு சொன்ன, நான் கிளம்பினேன். அடுத்த தடவை சொன்னாலும் கிளம்புவேன்."

"இவ்வளவு ஆனதுக்கு அப்புறமுமா?"

"பொம்மைக் கப்பல்னு நான் சொன்னேன்தான். வாய் இருக்கே. ஆனா அந்தச் செய்தியைப் படிச்சப்போ, இது எங்க ஹேயின் எழுதினதுன்னு தெரிஞ்சுது. படிச்ச உடனே காலு கிளம்பிடுச்சும்மா. நான் யோசிக்கவே இல்ல."

பஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லிப் போனை வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். பிறகு "மூணு கரண்டி"யைத் திறந்து தட்டினாள்.

"நிஜம். அப்பா, அம்மா, நன்றி. நிஜம்."

பக்கத்தில் "2" என்று நின்றது. இரண்டு பேர் இன்னும் படிக்கவில்லை. சற்றைக்கெல்லாம் அது "1" ஆனது. சொனோக் ஒரு கரண்டிப் படத்தை அனுப்பினாள்.

உண்மையாகவே பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மாபோ பாலம் தாண்டுகிறவரை அந்த "1"-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் முடிகிற இடத்தில் அது மறைந்தது. தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கிற மனிதரின் பதில் வர இன்னும் இரண்டு நிறுத்தம் ஆயிற்று.

"நிஜம். நாளைக்குக் காலைக் கப்பலுக்குத் துறையில் நிற்பேன். குளிர் கோட்டு எடுத்துக்கொண்டு வா. நிஜம்."